படுத்தால் எழாத கண்ணாடி

பழைய ஜீப்பின் முன்கண்ணாடி, நிற்பதைவிடப் படுப்பதற்கென்றே செய்யப்பட்டது. 1940-இல் அமெரிக்க ராணுவம் கார் கம்பெனிகளுக்கு அனுப்பிய நிபந்தனைகளில், எடை 1,300 பவுண்டுக்குள் இருக்க வேண்டும், நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும் என்பவற்றோடு கண்ணாடி மடங்க வேண்டும் என்பதும் இருந்தது. மடக்கினால் வண்டி குட்டையாகும், கப்பலில் அடுக்க வசதி, வெயிலில் மின்னி எதிரிக்குக் காட்டிக் கொடுக்காது. போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைச் செய்து தள்ளின. கண்ணாடியைப் பானட் மேல் சாய்த்துக்கொண்டு பறந்த சிப்பாய்களின் கழுத்தைக் குறிவைத்து ஜெர்மானியர்கள் சாலைக்குக் குறுக்கே கம்பி கட்டினார்கள். அதை அறுக்க, முன்பம்பரில் ஓர் ஆங்கிள் இரும்பைச் செங்குத்தாகப் பற்றவைத்து ஊர்வலம் போனது அமெரிக்கப் படை. “கண்ணாடியைத்தான் நிமிர்த்தி வையேன்” என்று கேட்க அங்கே ஒரு மாமியார் இல்லை.

ராணுவமே படுக்கப் போட்ட அந்தக் கண்ணாடியை நிமிர்த்தி நிறுத்தத்தான் போடிநாயக்கனூர்க்காரர் ஒருவர் படாத பாடு பட்டார்.

அவரிடம் இருந்தது சிஜே 3பி. வில்லிஸ் 1953-இல் கொண்டுவந்த இந்த மாடலின் எஞ்சின் கொஞ்சம் நெட்டை. அதற்காகப் பானட்டைத் தூக்கினார்கள். தூக்கிய அளவுக்குக் கண்ணாடியைக் குட்டையாக்கினார்கள். அமெரிக்காவில் 1968-இல் நிறுத்திய பிறகும் இங்கே மகிந்திரா அதை விடவில்லை. விடிவதற்குள் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறுகிற ஜீப்களுக்கெல்லாம் இதுதான் தாத்தா. அதனால் அவர் அதை வண்டி என்று சொல்வதில்லை. “நம்ம பெருசு” என்பார். அவர் அப்பா காதில் விழும்போதெல்லாம் வீட்டில் சிறு குழப்பம் வரும்.

பெருசுக்கு மழைக்காலத்தில் ஒழுகும். டேஷ்போர்டுக்கு மேலே சொட்டி, சரியாக ஓட்டுகிறவரின் வலது முழங்காலில் விழும். ரப்பர்தான் காரணம் என்று ரப்பர் மாற்றினார். புது ரப்பர் வழியாகவும் அதே முழங்காலில் விழுந்தது.

காரணம் ரப்பருக்கு அடியில் இருந்தது. கண்ணாடிச் சட்டம் என்பது தகட்டை மடித்துச் செய்த உள்ளீடற்ற குழாய். கீழ்ச்சட்டத்துக்குள் இறங்குகிற தண்ணீர் வெளியேற வழி தேடும், கிடைக்காவிட்டால் தங்கிவிடும். துரு உள்ளிருந்து தொடங்குவதால், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு முடிந்துபோயிருக்கும். போதாக்குறைக்கு ஆயுத பூஜை. சந்தனம் குழைத்துக் கண்ணாடியில் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, நனைந்த மாலையைச் சட்டத்தில் சுற்றி, மேலே ஓர் எலுமிச்சம்பழத்தையும் தொங்கவிட்டால் அத்தனை ஈரமும் வடிந்து போய்ச் சேருமிடம் அந்தக் கீழ்ச்சட்டம்தான்.

அடுத்த எதிரி மனிதக் கை. ஜீப்பில் ஏறுகிற யாரும் சட்டத்தைப் பிடிக்காமல் ஏறியதில்லை. மேலே கூரைத் தார்ப்பாயும் அதே சட்டத்தைத்தான் பிடித்து இழுக்கிறது. பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் அந்த இழுப்பு முழுக்க அடியிலுள்ள இரண்டு கீல்களில் இறங்கும். கடைசியில் கீல் போல்ட்டைச் சுற்றித் தகடு விரிசல் விடும். உள்ளே பற்றவைத்த நட்டு கழன்று, ஸ்பேனரோடு சேர்ந்து தானும் சுற்ற ஆரம்பிக்கும். இறுக்க இறுக்கச் சுற்றும். நம்மவர் அரை மணி நேரம் இறுக்கிவிட்டு, “நல்லா டைட்டாயிடுச்சு” என்று இறங்கினார்.

முதலில் பார்த்த பட்டறையில் ஓட்டையில் பட்டியை அப்பித் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். தீபாவளிக்குப் பளிச்சென்று இருந்தது. கார்த்திகையில் பட்டி உப்பிக்கொண்டு வந்தது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். பட்டியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

அடுத்துப் போன இடத்தில் இருந்தவர் வயசான டிங்கர். ரப்பரைத் தூக்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைச் சட்டத்தின் மூலையில் வைத்து லேசாக அழுத்தினார். முழுதாக உள்ளே போய்விட்டது.

“இது சட்டமில்ல தம்பி. பெயின்ட்டுதான் கண்ணாடியைத் தாங்கிக்கிட்டு இருக்கு.”

“அண்ணே, ஒரு பட்டி பார்த்து...”

“பார்க்கணும்னா சினிமா தியேட்டருக்குப் போ. இதை வெட்டணும்.”

கண்ணாடியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார். பேட்டரி இணைப்பைப் பிரித்தார். பிறகு ஓட்டுநர் சீட்டைத் தூக்கச் சொன்னார். இந்த ஜீப்பில் பெட்ரோல் டாங்க் இருப்பது ஓட்டுகிறவரின் சீட்டுக்கு அடியில்; வெல்டிங் பொறி தெறிக்கும் இடத்திலிருந்து கை எட்டும் தூரம். “டாங்க் காலிதான் அண்ணே” என்றார் நம்மவர். “அதான் பயமா இருக்கு” என்றார் டிங்கர். காலி டாங்கில் ஆவி நிறைந்திருக்கும்; பற்றிக்கொண்டால் வெடிப்பது அதுதான்.

வெட்டுவதற்கு முன் டேப்பால் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்தார். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றானால்தான் சட்டம் நேர். அளவு மாறியிருந்தது, எத்தனையோ பேர் பிடித்து ஏறிய பக்கமாகச் சட்டம் சாய்ந்திருந்தது. பலகை முட்டுக் கொடுத்து இழுத்து நேராக்கி, துரு தொட்ட தகட்டைப் பளபளக்கும் இரும்பு வரும்வரை கிரைண்டரால் வெட்டி எடுத்தார். புதுத் தகட்டை மடித்து வைத்து, சிஓ2 வெல்டிங்கில் இங்கே ஒரு பொட்டு, எதிர் மூலையில் ஒரு பொட்டு என்று தள்ளித் தள்ளி வைத்தார். ஒரே இழுப்பில் பற்றவைத்தால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய சட்டத்தில் கண்ணாடியை மாட்டினால் முதல் குழியிலேயே கீறல் விழும். விரிசல் முடிகிற நுனியில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டு, அது மேலே ஓடாதபடி நிறுத்திவிட்டுத்தான் அதை அடைத்தார். சுற்றிக்கொண்டிருந்த நட்டுக்குப் பதில் மரை போட்ட கனத்த பட்டை ஒன்று உள்ளே போனது. கடைசியாகச் சட்டத்துக்குள் ரெட் ஆக்சைடு ஊற்றிச் சுழற்றி, அடியில் தண்ணீர் வடிய இரண்டு துளை போட்டார். நம்மவர் முகம் சுண்டியது. ஓட்டையை அடைக்கக் கொண்டுவந்த வண்டியில் காசு வாங்கிக்கொண்டு ஓட்டை போடுகிறாரே!

லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். தங்கள் வண்டி அலுமினியம், துரு ஏறாது என்பார்கள். 1948-இல் இரும்புத் தட்டுப்பாட்டால் அதன் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தது உண்மைதான். ஆனால் கண்ணாடி உட்காருகிற குறுக்குச் சுவர் இரும்பு. மூலையில் துரு பிடிப்பது அங்கேதான். ஈரத்தில் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிற அலுமினியமும் சும்மா இருக்காது, அரித்துக்கொண்டே போகும்.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தில் மயங்கிவிட வேண்டாம். கையோடு ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொண்டுபோய், கண்ணாடிக்குக் கீழே ரப்பரைத் தூக்கி இரண்டு மூலையிலும் அழுத்திப் பாருங்கள். விற்கிறவர் பதறி ஓடிவந்து கையைப் பிடித்தால், விலை பேசும்போது சட்டத்தைச் செத்ததாகவே கணக்குப் போட்டுக் குறையுங்கள்.