ஐஸ் கரைந்தால் யார் பொறுப்பு?

எல்லோருக்கும் முதல் முதலாளி என்று ஒருவர் இருந்திருப்பார். கூடப் படித்தவர்களின் முகமெல்லாம் மங்கிப்போன பிறகும் அவர் முகம் மட்டும் மங்காது. எனக்கு வாய்த்தவர் எண்பதுகளின் நடுவில் காரைக்காலில் ஓர் ஐஸ் கம்பெனி வைத்திருந்தார்.

எங்கள் ஊர் கிளிஞ்சல்மேட்டில் அப்போது பத்தாவது தாண்டியவனுக்கு இரண்டே வழி: கடலுக்குப் போவது, அல்லது போகாமல் இருப்பது. இரண்டாவதைத்தான் நாங்கள் 'வேலைக்குப் போறது' என்று சொல்லிக்கொண்டோம். அப்பா லாஞ்சில் பங்குக்குப் போனவர். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், அரிசி, மளிகை எல்லாம் கழித்து, படகுக்கும் வலைக்கும் என்று முதலாளி பெரும்பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதை ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். பாடு இல்லாத நாளில் எல்லோருக்கும் சமமாக ஒன்றுமில்லை, கறிக்குக் கொஞ்சம் மீன் தவிர. இதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, மாசம் பிறந்தால் சம்பளம் என்கிற ஏற்பாடும் சட்டைப் பையில் ஒரு பேனாவும் பெரிய பதவியாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. அப்பாவின் வருமானம் நிச்சயமில்லாதது, என்னுடையது நிச்சயமானது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நிச்சயமாகக் குறைவு என்பது முதல் மாதக் கடைசியில் தெரிந்தது.

நான் கணக்குப்பிள்ளை. முதலாளியின் தலைக்கு மேல் ஒரு சுவர்க்கடிகாரம் தொங்கும். காலையில் அது ஊருக்குப் பத்து நிமிஷம் முந்தி ஓடும். சாயங்காலம் பத்து நிமிஷம் பிந்தி ஓடும். நடுவில் எப்போது ஸ்டூல் போட்டு ஏறினார், எப்போது முள்ளைத் திருப்பினார் என்று யாரும் பார்த்ததில்லை. அம்மோனியா வாடையில் கண் எரிய, கொக்கியால் ஐஸ் பாளத்தை இழுத்து வண்டியில் ஏற்றும் ஆட்களின் கூலியில் உடைந்த பாளத்துக்குப் பிடித்தம் உண்டு, அது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் கரைந்த பாளத்துக்கும் பிடித்தார். "வெயில்ல கரைஞ்சதுக்கு நாங்க என்ன பண்ணுவோம் மொதலாளி?" என்று கேட்டவரிடம், "வெயிலுகிட்டயா போய் நான் காசு கேக்க முடியும்?" என்றார். பதில் சொல்ல முடியாத கேள்வி. அந்தப் பிடித்தத்தை அழகான கையெழுத்தில் பேரேட்டில் ஏற்றியவன் நான்தான்.

மாதக் கடைசியில் அக்விட்டன்ஸ் நோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் தலைமேல் கையெழுத்துப் போடுவோம். எழுதியிருக்கும் தொகை ஒன்று, கைக்கு வருவது வேறொன்று. அந்தப் பெரிய தொகைக்கு நேரே என் பெயரைப் பார்க்கும்போது, அந்த நோட்டில் மட்டும் வசதியாக வாழும் இன்னொருவன் மேல் எனக்குப் பொறாமையே வரும். 1965-ஆம் வருஷத்துப் போனஸ் சட்டம் அப்போது குறைந்தது 8.33 சதவீதம் கொடு என்றது. எங்களுக்கு அது வேட்டி, துண்டு, அரைக்கிலோ மிக்சர் என்ற வடிவத்தில் வந்தது. அக்கா கல்யாணத்துக்கு முதலாளி குடும்பத்தோடு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஊரே வாயைப் பிளக்கும்படி மொய் எழுதினார். அடுத்த மாதத்திலிருந்து அதைத் தவணையாகச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

ஆனாலும் சாயங்கால டீக்கடை இருந்ததே! வெளியே வந்த கால் மணியில் அவர் நடை, இருமல், கஞ்சத்தனம் ஒவ்வொன்றையும் நடித்துக் காட்டி, வயிறு வலிக்கச் சிரித்துத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்போம். சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றில் லட்சக்கணக்கில் வந்து குளிக்கிறார்களே, இத்தனை பக்கத்தில் இருந்தும் நமக்கு மட்டும் ஏன் விடவில்லை என்று ஒருவர் கேட்பார். நமக்கு அவர் பெயர்ச்சியே ஆகமாட்டார் என்று இன்னொருவர் சொல்வார். மறுநாள் காலை அதே ஆள் "வணக்கம் மொதலாளி" என்று குனிவார். அந்தக் குனிவிலும் ஒரு திருப்தி இருந்தது. நேற்று நடித்துக் காட்டியது யாரை என்று அவருக்குத் தெரியுமே.

ஆள் முகம் தெரிந்தால்தான் நல்ல முதலாளி என்று சொல்லவும் முடியாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தாத் தாத்தாக்கள் காரைக்காலில் இருந்தார்கள். கண்ணால் காண முடியாத தூரத்துச் சர்க்கார் அவர்களுக்குப் பென்ஷன் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பென்ஷன் தேதிதான் பல மளிகைக்கடைகளுக்குப் பஞ்சாங்கம். அதே பிரெஞ்சுக்காரன் ஆண்டபோதுதான், 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா மில் தொழிலாளர்களைச் சுட்டதில் 12 பேர் செத்தார்கள், வ. சுப்பையா முன்னின்று நடத்திய போராட்டத்தின் பலனாக மறு வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஒரே சர்க்கார், ஒரு கையில் பென்ஷன், ஒரு கையில் துப்பாக்கி. அந்த எட்டு மணி நேரத்தை எங்கள் ஐஸ் கம்பெனிக் கடிகாரம் எட்டேகால் தாண்டி ஓட்டியது என்றால், 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேரத்துக்கே ஒரு மசோதாவை நிறைவேற்றியது, எதிர்ப்புக் கிளம்பியதும் அரசு அதை நிறுத்தி, மே தினத்தில் திரும்பப் பெற்றது. 2025 ஜனவரியில் ஒரு பெரிய கம்பெனித் தலைவர் வாரம் தொண்ணூறு மணி நேரம் உழைக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எவ்வளவு நேரம்தான் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று கேட்டார். என் முதலாளி எத்தனையோ பிடித்தார், அதைக் கேட்டதில்லை.

இப்போது அக்கா மகன் சென்னையில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். இன்ஜினியரிங் படித்து, ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்து, அதைவிட இது தேவலை என்று வந்தவன். அந்தக் கம்பெனி தந்த சம்பளத் தாளை எனக்குக் காட்டியிருக்கிறான். முதலாளி கட்டவேண்டிய பிஎஃப், ஐந்து வருஷம் நீடித்தால் கிடைக்கவிருந்த கிராஜுவிட்டி எல்லாவற்றையும் கூட்டி மேலே சிடிசி என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே பொடி எழுத்தில் கைக்கு வருவதைப் போட்டிருந்தார்கள். என் அக்விட்டன்ஸ் நோட்டு கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. இம்முறை எல்லாம் சட்டப்படி.

"ஒங்க மொதலாளி யாருடா?" என்றேன்.

"தெரியாது மாமா. போன்தான்."

போன வெயில் காலத்தில் ஐஸ்கிரீம் ஆர்டர். சிக்னல், மேம்பாலம், மாடியில் லிப்ட் வேலை செய்யவில்லை. போய்ச் சேர்ந்தபோது பால் பாயசம். வாடிக்கையாளர் ஒரு நட்சத்திரம் கொடுத்தார். ரேட்டிங் இறங்கியது, அந்த வாரத்து ஊக்கத்தொகை போயிற்று. கேட்க ஆளில்லை, அரட்டைப் பெட்டியில் தட்டினால் 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஏதோ ஓர் இயந்திரம் வருந்துகிறது. நாற்பது வருஷத்தில் இவ்வளவு முன்னேற்றத்துக்குப் பிறகும், வெயிலில் கரைந்த ஐஸுக்குக் கூலிக்காரனிடம்தான் காசு பிடிக்க முடிகிறது. அவனைப் போன்றவர்களுக்கும் பாதுகாப்பு என்று 2020-இல் நாடாளுமன்றம் சட்டத்தொகுப்பு நிறைவேற்றியிருக்கிறது. சொன்னேன். "நல்லது மாமா" என்றான், நான் ஏதோ தூரத்துச் சொந்தக்காரரின் உடல்நலம் சொன்னதுபோல.

அவனோடு படித்த பையன்கள் சிலர் லாஞ்சுக்கே போய்விட்டார்கள். அங்கேயும் இன்று பாடு மட்டும் கவலையில்லை. 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவுக் கடலில், காரைக்காலிலிருந்து போன விசைப்படகில் இருந்த 13 பேரை இலங்கைக் கடற்படை சுட்டுப் பிடித்ததில் இருவர் படுகாயமடைந்தார்கள். அந்தச் சேதி வந்த அன்று ஊரில் யாரும் முதலாளியையோ சம்பளத்தையோ பேசவில்லை.

சித்திரை பிறந்ததும் அவன் ஊருக்கு வந்திருந்தான். தடைக்காலம், படகெல்லாம் கரையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காக யாரும் விசைப்படகில் போய் வலை போடக்கூடாது என்று அவனுக்குத் தெரியாததல்ல. இருந்தும் அன்று புதிதாகக் கேட்பவன்போல் நாள்களை விரல்விட்டு எண்ணினான்.

"ஏன் மாமா, குடும்பம் நடத்த இந்த மீனுக்கு மட்டும் ரெண்டு மாசம் லீவா? எவன் பேசி வாங்கிக் கொடுத்தான்?"

சொல்லி முடிப்பதற்குள் போன் அதிர்ந்தது. மூன்று நாளாக லாகின் செய்யவில்லையாம். அவன் இல்லாமல் ஏங்குவதாகச் செய்தி வந்திருந்தது.