குழு நீங்கு படலம்

நம் முன்னோர் ஒரு சங்கத்தையோ சபையையோ ஸ்தாபித்தபோது, அதில் சேர விரும்புகிறவன் விண்ணப்பம் எழுத வேண்டும், சந்தா கட்ட வேண்டும், அவனை ஒருவர் பிரேரேபிக்க மற்றொருவர் ஆமோதிக்க வேண்டும் என்று உள்ளே வருவதற்குப் பல நிபந்தனைகளை விதித்து, வெளியே போவதை மட்டும் மிகவும் சுலபமாக வைத்திருந்தார்கள். சந்தா கட்டாமல் இருந்துவிட்டால் போதும், சங்கமே ஆளை மறந்துவிடும். வாட்ஸ்அப் குழு என்னும் இக்காலத்துச் சபையில் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிட்டது. நாம் உறங்கிக்கொண்டிருக்கும் வேளையில், நம்முடைய எண்ணை அறிந்த எவரும் நம்மை அங்கத்தினராக்கிவிடலாம். விடிந்து எழுந்தால், முன்பின் அறியாத பலர் நமக்கு நல்வரவு கூறிக் காத்திருப்பார்கள். யார் நம்மைச் சேர்க்கலாம் என்பதை நாமே நிர்ணயித்துக்கொள்ளும் வசதி 2019-ஆம் ஆண்டில் வந்தது வாஸ்தவம். ஆனால் அதற்குள் என் வயதினர் எல்லாரும் பிறந்த ஊர், படித்த பள்ளி, வேலை பார்த்த இலாகா, குடியிருக்கும் அடுக்ககம் என்று சேர வேண்டிய குழுக்கள் அனைத்திலும் சேர்க்கப்பட்டாகிவிட்டது. நிலுவை வைத்து வெளியேறலாம் என்றாலோ, இலவசமாக நடக்கும் ஒன்றுக்கு எப்படித்தான் பாக்கி வைப்பது?

நான் விலகிய குழு அப்படி உறக்கத்தில் வந்து சேர்ந்ததன்று. நானே ஆசைப்பட்டுச் சேர்ந்தது. அதன் ஸ்தாபகர் என் மனைவிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. மத்திய சர்க்காரின் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கர்நாடக சங்கீதத்தில் அபாரமான ஞானமும், அதைவிட அபாரமான பொறுமையும் வாய்த்தவர். தம்மைப் போன்ற சங்கீதப் பித்தர்கள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, எங்கிருந்தோ தேடி எடுத்த பழைய கச்சேரிப் பதிவிலிருந்து அரை நிமிஷ ஆலாபனையை மட்டும் கத்தரித்து, பாடுகிறவர் பெயரையும் ராகத்தின் பெயரையும் மறைத்துக் குழுவில் போடுவார். இது பைரவியா, மாஞ்சியா, முகாரியா என்று சாயங்காலம் வரையில் நாங்கள் அடித்துக்கொள்வோம். மாம்பலத்து வக்கீல் ஒருவர், கட்சிக்காரரைக் காக்க வைத்துவிட்டுக் கோர்ட்டு வராந்தாவிலிருந்து, பைரவியின் இரண்டு தைவதங்களைப் பற்றி ஆணித்தரமாக வாதம் செய்வார். மயிலாப்பூரில் வீணை சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மாள், வாதத்தில் இறங்காமல், ஒரே ஒரு பிரயோகத்தைத் தாமே வாசித்து அனுப்பி வக்கீலின் வாயை அடைத்துவிடுவார். கும்பகோணத்து டாக்டர் ஒருவருக்கு எல்லா ராகமும் சினிமாவில்தான் கொண்டுபோய் விடும். ரீதிகௌளை என்றால் 1977-இல் வந்த ‘கவிக்குயில்’ படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய பாட்டிலிருந்துதான் அவருக்குச் சங்கீத சரித்திரம் ஆரம்பம். அவரைச் சாஸ்திரோக்தமாகக் கண்டிப்பதற்கென்றே, சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் அச்சிட்டு வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காலத்தில் நடந்த மகத்தான யுத்தம் தர்பாருக்கும் நாயகிக்கும் இடையே நடந்தது. இரண்டும் கரகரப்பிரியா என்னும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை. ஸ்வரங்களை எழுதிப் பார்த்தால் வித்தியாசம் மிகவும் சொற்பம். பாடிக் கேட்டால் மட்டுமே, ஒன்று தோள்களை உயர்த்திக்கொண்டு நடப்பதும் மற்றது நின்று நிதானித்து அசைவதும் தெரியும். தியாகராஜர் தர்பாரில் ‘யோசனா கமலலோசன’ செய்தார், நாயகியில் ‘நீ பஜன கான’ செய்தார். இவை இரண்டையும் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். சித்தப்பா போட்ட அரை நிமிஷத் துண்டு இவற்றில் எதன் ஜாதி என்பதில்தான் தகராறு. அது தொடங்கியபோது மார்கழி. முடிந்தபோது பொங்கலும் கழிந்துவிட்டது. வக்கீல் “சங்கீத ஞானம் என்பது சிலருக்குப் பென்ஷனோடு சேர்ந்து வருவதில்லை” என்று எழுதினார். புஸ்தகக்காரர் அதற்கு, பூர்வ பக்ஷம், சித்தாந்தம் எல்லாம் வகுத்துப் பதில் எழுதினார். வீணை அம்மாள் இருவரையும் பார்த்து “முதலில் கேளுங்கள், அப்புறம் எழுதுங்கள்” என்று ஒரு வரி எழுதினார். அந்த நாட்களில் நான் விடிகாலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் கைப்பேசியைத்தான் தேடினேன் என்பதற்கு வீட்டில் சாட்சி உண்டு. அந்தச் சாட்சி அதை இன்றும் புகாராகவே சொல்லி வருகிறது.

சங்கீத உலகில் சண்டை என்பது நேற்று முளைத்த வழக்கமன்று. 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸை ஒட்டி நடந்த சங்கீத மாநாட்டின் பலனாக, அடுத்த ஆண்டில் மியூசிக் அகாடமி தோன்றிற்று. அதன் நிபுணர் குழுவில் வித்வான்கள் கூடி உட்கார்ந்து, ஒவ்வொரு ராகத்துக்கும் லட்சணம் இன்னதென்று காலை வேளைகளில் தர்க்கம் செய்ததெல்லாம் அதன் சஞ்சிகையில் அச்சாகியிருக்கிறது. நிதானமான இங்கிலீஷில் எழுதப்பட்ட அந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்கள், வரிகளுக்கு நடுவே குரல் உயர்ந்ததையும் கற்பித்துக்கொள்ளலாம். திருவையாற்றிலோ கேட்கவே வேண்டாம். அமைதி இல்லாமல் சௌக்கியம் இல்லை என்று பாடிய தியாகராஜருடைய ஆராதனையை, பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரு பிரிவினர் தனித்தனியாக நடத்தினார்கள். பெண்களுக்கு அங்கே பாட இடமில்லை என்று இரு கட்சியும் ஒற்றுமையாகச் சொன்னதனால், சமாதிக்குத் தம் பொருளைக் கொட்டிக் கோயில் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாள், பெண்கள் கட்சி என்று மூன்றாவதையும் உண்டாக்கினார். மூன்றும் ஒன்றாவதற்கு 1940-ஐ ஒட்டிய காலம் ஆயிற்று. அந்தச் சண்டைகளினால் ஆராதனை நின்றுபோகவில்லை; மூன்று மடங்கு நடந்தது.

எங்கள் குழுவுக்குக் கேடு வந்தது சண்டையினாலன்று, சமாதானத்தினால். ஒரு குழுவில் 256 பேர் வரை இருக்கலாம் என்று 2016-இல் ஏற்பட்டது; 2022-இல் அந்த வரம்பு முதலில் 512 ஆகவும், அந்த ஆண்டு முடிவதற்குள் 1024 ஆகவும் உயர்ந்தது. கணக்கு இலாகாவில் ஆயுள் முழுவதும், ஒதுக்கப்பட்ட தொகையை மார்ச்சு மாதத்துக்குள் செலவழித்துத் தீர்த்த இலாகாக்களையே பார்த்துப் பழகியவர் எங்கள் அட்மின். இத்தனை காலி இடங்கள் வீணாகக் கிடப்பதை அவர் மனம் சகிக்கவில்லை. சபா கான்டீனில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர், நடைப்பயிற்சியில் எதிர்ப்பட்டவர், சம்பந்தி, சம்பந்தியின் சம்பந்தி என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். புதியவர் ஒருவர், வக்கீல் எழுதிய ஏதோ ஒரு வரியைப் படித்துவிட்டு, இவ்வளவு பெரியவர்கள் இப்படி ஏசிக்கொள்ளலாமா என்று கண்ணீர் மல்கக் கேட்டார். குழுவில் யாராவது யாரையாவது தூஷித்தால் அட்மினைத்தான் போலீஸ் பிடிக்கும் என்று வேறொருவர் கிளப்பிவிட்டார். அங்கத்தினர் எழுதுவதற்கு, அதில் அட்மினுக்கும் சம்மதம் இருந்தாலொழிய, அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை 2021-லேயே தீர்ப்புக் கூறியிருப்பதை வக்கீல் எடுத்துக் காட்டினார். அவர் காட்டியதனாலேயே அது எடுபடவில்லை. மறுநாள் அட்மின் ஒரு பிரகடனம் வெளியிட்டார். இனிமேல் இக்குழுவில் விவாதம் கிடையாது. அன்பும் மரியாதையும் மட்டுமே உண்டு.

அன்பும் மரியாதையும் மட்டுமே உள்ள இடத்தில் ஒரு மனிதன் எவ்வளவு காலம் ஜீவித்திருக்க முடியும் என்பதை நான் அப்புறந்தான் அறிந்தேன். முதலில் ஒருவர் ரோஜாப்பூவின் மேல் ‘காலை வணக்கம்’ என்று எழுதிய படத்தைப் போட்டார். ஒருவர் வணங்கும்போது மற்றவர் வாளாவிருப்பது மரியாதையன்று. ஆகவே இன்னொருவர் ஆவி பறக்கும் காபியைப் போட்டார். மூன்றாமவர் ஆறுமுகனைப் போட்டார். நான்காமவர் மூவருக்கும் தனித்தனியே நன்றி சொன்னார். மூவரும் அவருக்குப் பதில் நன்றி சொன்னார்கள். கோபம் என்பது எப்போதாவது தீர்ந்துபோகிற பண்டம். தாட்சண்யத்துக்குத் தீர்வு கிடையாது, ஒவ்வொரு நன்றியும் இரண்டு நன்றிகளைப் பெற்றுப் போடுகிறது. இந்தியர்களுடைய கைப்பேசிகள் ஏன் அடிக்கடி ஸ்தம்பித்து நிற்கின்றன என்று கூகிள் ஆராய்ச்சியாளர்கள் துப்பறிந்தபோது, கோடிக்கணக்கான காலை வணக்கப் படங்களே காரணமென்று கண்டார்களாம். இந்தச் செய்தி 2018-இல் பத்திரிகைகளில் வந்தது. அந்தப் படங்களைத் தேடிப் பிடித்து அழிப்பதற்கு அவர்கள் ஒரு செயலியே செய்து கொடுத்தார்கள். அந்தச் செய்தியையும் எங்கள் குழுவில் ஒருவர் பகிர்ந்தார். அதன் கீழே பலர் காலை வணக்கம் தெரிவித்தார்கள்.

பிறந்தநாள் வாழ்த்து, மணநாள் வாழ்த்து, பேரன் பரீட்சையில் தேறியதற்கு வாழ்த்து ஆகியவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். வாழ்த்தும் இரங்கலும் ஒரே நாளில் வந்தால்தான் ஆபத்து. ஒருநாள் காலையில் ஒருவருடைய சதாபிஷேகப் பத்திரிகையும், அதற்குச் சற்று மேலே வேறொருவருடைய மாமியார் காலமான செய்தியும் வந்திருந்தன. அவசரக்காரர்கள் கடைசியாக வந்ததைப் படிக்காமலே அதன் கீழ் ‘ஆழ்ந்த இரங்கல், ஓம் சாந்தி’ என்று வரிசையாக எழுதத் தொடங்க, சதாபிஷேகம் கொண்டாட இருந்தவர் ஒவ்வொருவருக்கும் தாமே கைப்பட, “மிக்க நன்றி, தாங்கள் குடும்பத்துடன் வந்து கலந்துகொள்ள வேண்டும்” என்று பதில் எழுதிக்கொண்டிருந்தார். சண்டைக்காலமாக இருந்திருந்தால் வக்கீல் இதை ஒரு வாரம் கொண்டாடியிருப்பார். பிரகடனத்துக்குப் பிற்பாடு ஒருவரும் சிரிக்கவில்லை.

சத்தத்தை அடக்கி வைக்கும் உபாயம் ஒன்று இருக்கிறதே என்று நண்பர்கள் சொன்னார்கள். எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மௌனத்தில் மூன்று தரம் உண்டு. முன்பு ஒரு வருஷம் என்று இருந்ததை 2020-இல்தான் ‘எப்போதும்’ ஆக்கினார்கள். நான் ‘எப்போதும்’ என்பதையே தேர்ந்தெடுத்தேன். ஆனால் காது கேளாவிட்டாலும் கண் இருக்கிறதே! ஓசை அடங்கிய குழுவின் பக்கத்தில், படிக்காத செய்திகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, அதற்குள் ஒருவேளை யாராவது ராகத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் என்ற சபலத்தில், இரவில் அத்தனையையும் புரட்டுவேன், ரோஜாக்களே இருக்கும்.

கடைசியாக ஒரு சோதனை செய்து பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமில்லாத தர்பார் ஆலாபனை ஒன்றைக் குழுவில் போட்டு, அதன் கீழே, “இதைவிடச் சுத்தமான நாயகியை நான் கேட்டதில்லை” என்று மனமறிந்து ஓர் அபாண்டத்தை எழுதி வைத்தேன். இதைப் படித்தபின்னும் வக்கீல் பொறுமையோடு இருப்பாராகில், அவர் சட்டமும் படித்தவரல்லர், சங்கீதமும் கேட்டவரல்லர். புஸ்தகக்காரரோ அந்தக் கனத்த புஸ்தகத்தையே என் தலையை நோக்கி எறிவார் என்று நம்பினேன். முதலில் கூப்பிய கைகள் வந்தன. பிறகு ஒரு பூங்கொத்து. புஸ்தகக்காரர் “தெய்வீகம்” என்றார். வக்கீல், நாயகிக்காக ஒரு மார்கழி முழுவதும் போரிட்ட அதே வக்கீல், “அருமை சார், இனிய மாலை வணக்கம்” என்று எழுதினார். வீணை அம்மாளிடமிருந்து பதிலே இல்லை. தேடிப் பார்த்தபோது, அவர் எப்போதோ விலகிப் போயிருந்தது தெரிந்தது. அவருக்கு எப்போதுமே என்னைவிடச் செவி கூர்மை.

அன்றைக்கே விலகுவதென்று தீர்மானித்தேன். ஆனால் கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருப்பதைப் போன்ற சங்கடம் அதில் இருக்கிறது. விலகுகிறவர்களில் ஒரு சாரார், விலகப் போகிறேன் என்று நீண்ட அறிக்கை விடுத்து, போகாதீர்கள் என்று பத்துப் பேர் சொன்னதும் தங்கிவிடுவார்கள். இவர்களுக்கு அதுதான் ஆண்டு விழா. வேறு சிலர் ஒன்றும் சொல்லாமல் கிளம்பி, யாராவது கவனித்தார்களா என்று வேறு வழியில் விசாரிப்பார்கள். முற்காலத்தில் ஒருவர் வெளியேறினால் ‘இன்னார் விலகினார்’ என்று சபை நடுவே எழுதிக் காட்டும். 2022 ஆகஸ்டில் பெரிய மனசு பண்ணி, அட்மினுக்கு மட்டும் தெரிவித்தால் போதும் என்று மாற்றினார்கள். இருந்தாலும், விலகியவர் பெயர் அறுபது நாள் வரையில் ‘முன்னாள் அங்கத்தினர்’ ஜாபிதாவில், விரும்பியவர் பார்த்துக்கொள்ளும்படி இருக்கும். சந்தடியில்லாமல் போகலாமே தவிர, சுவடில்லாமல் போக முடியாது. நான் அறிக்கை ஒன்றும் எழுதவில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு பொத்தானை அழுத்தினேன். ‘நிச்சயந்தானா?’ என்று அது ஒரு தடவை கேட்டது. குழுவில் என்னை நெடுநாளாக யாரும் கேள்வி கேட்காததனால், அதுவே சற்று ஆறுதலாக இருந்தது.

பொழுது விடிந்ததும் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது.

“என்ன மாப்பிள்ளை, நம்ம குழுவில் யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா?”

யாரும் ஒன்றும் சொல்லாததுதான் காரணம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தாட்சண்யம் என் வாயிலிருந்தும் பேசியது. “அதெல்லாம் ஒன்றுமில்லை மாமா. போனில் இடம் போதவில்லை. படம் படமாக வந்து நிறைந்துவிடுகிறது, அதனால்தான்.”

“அப்பாடா! நான் என்னமோ ஏதோ என்று ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. நியாயந்தான், ஆயிரம் பேர் போட்டால் யார் போன் தாங்கும்? நீங்கள் கவலைப்படாதீர்கள். நானே பார்த்து, நல்லதாகப் பொறுக்கி, உங்களுக்கு மட்டும் தனியாக அனுப்பிவிடுகிறேன்.”

“எதற்கு மாமா உங்களுக்குச் சிரமம்?”

“இதில் என்ன சிரமம்? பல கை மாறி வந்தவற்றில் ரெட்டை அம்பு போட்டிருக்கிறது பாருங்கள், அவற்றைத்தான் ஒரு தடவைக்கு ஒருத்தருக்கு மேல் அனுப்ப விடமாட்டேன் என்கிறது. அதனாலென்ன, முதலில் உங்களுக்குப் போட்டுவிட்டு அப்புறம் மற்றவர்களுக்குப் போடுகிறேன். வந்து சேர்ந்தது என்பதற்கு ஒரு கட்டைவிரலாவது காட்டிவிடுங்கள் மாப்பிள்ளை. ரசீது இல்லாமல் எனக்கு மனசு ஆறாது.”

குழுவிலிருந்து விலகலாம், மனைவியின் சித்தப்பாவிடமிருந்து விலகுவதற்குக் கைப்பேசியில் ஒரு பொத்தான் இருக்கத்தான் இருக்கிறது, வீட்டில் இல்லை. நாள் தவறாமல் கட்டைவிரலைக் காட்டி வருகிறேன்.