எக்கோ முந்தியா, கரகரப்பு முந்தியா? கொங்கு நோம்பி ஒலியியல் குறித்து ஓர் ஆய்வு

கொங்கு நாட்டு இசையைப் பற்றி எழுதியவர்கள் உடுக்கடிப் பாட்டை விட்டுவைக்கவில்லை. வள்ளி கும்மியையும் விட்டுவைக்கவில்லை. மாரியம்மன் நோம்பியில் (திருவிழாவில்) மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் மைக்செட்காரரின் பெட்டிகள் எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும் யாரும் ஆராயக் காணோம். அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை. பொருள் பெரிது, ஆய்வாளர் சிறியவர். அவையடக்கம் இத்துடன் முடிந்தது.

முதலில் கிதார்காரரை எடுத்துக்கொள்வோம். கோவை மெல்லிசைக் குழு ஒன்றில் அவர் காலடியில் வா, ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், கோரஸ், டிலே என ஐந்து பெடல்கள் இருப்பதாகக் கொள்க. ஐந்தை 120 விதமாக வரிசைப்படுத்தலாம். வரிசைக்கு 5 நிமிடம் வாசித்துப் பார்த்தால் 10 மணி நேரம். கச்சேரி மாலை 7 மணிக்குத் தொடங்குகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்கின்றன. ஆக ஒரு நோம்பிக்கு 36 வரிசைதான் தேறும். ஆய்வு முடிய நான்கு நோம்பி வேண்டும். அதுவரை பாடகரும் தபேலாக்காரரும் கைகட்டி நிற்பார்கள் என்பது இதிலுள்ள எடுகோள்.

நல்லவேளை, எல்லாவற்றையும் சோதிக்கத் தேவையில்லை. ஒலியைத் தள்ளிப்போடும் டிலேயும், அடிச்சுரம் உச்சச்சுரங்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரும் தம்முள் இடம் மாறினாலும் வெளியே வருவது ஒன்றே என்று கணிதம் சொல்கிறது. இதற்காகச் சண்டையிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்ட இசைக் கலைஞர்கள் இன்றே சமாதானம் ஆகலாம். பெரும்பாலான வம்பு டிஸ்டார்ஷனால் வருவது. அது அலையின் தலையைச் சீவிவிடும் கருவி. முதலில் சீவிவிட்டு அப்புறம் டிலேயால் எக்கோ சேர்த்தால், கரகரத்த ஒலி ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகத் திரும்ப வரும். எக்கோ முந்திக்கொண்டால் பழைய சொல்லும் புதிய சொல்லும் கலந்த பிறகு தலை சீவப்படுகிறது. இரண்டிலும் இல்லாத சுரங்கள் புதிதாகப் பிறக்கின்றன. அடங்கியிருக்க வேண்டிய எதிரொலியின் வாலும் மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

சமையலிலும் இப்படித்தான்: சாம்பாரில் தாளிப்பு கடைசி, அரிசிம்பருப்புச் சோற்றில் தாளிப்பு முதல். கடுகும் சின்ன வெங்காயமும் அதே என்பதால் இரண்டும் ஒரே பண்டம் என்று எந்தக் கொங்கு அடுப்படியிலாவது வாதிட்டுப் பாருங்கள். விளைவுக்கு ஆய்வாளர் பொறுப்பல்ல.

எக்கோ கரகரப்புக்கு முன்னா, பின்னா என்பதன்படி உலகில் இரு மரபுகள் உள்ளன. அவற்றை முன்னெக்கோ மரபு, பின்னெக்கோ மரபு என்று இவ்வாய்வு பெயரிடுகிறது. முன்னதே மூத்தது. டேப் சுருள் ஓட்டி எதிரொலி உண்டாக்கிய காலத்தில் (ரோலண்டின் புகழ்பெற்ற ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோ 1974இல் வந்தது) கிதார்காரர்கள் அந்தப் பெட்டியைப் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால்தான் செருகினார்கள். கரகரப்போ அதற்குப் பின், ஆம்ப்ளிஃபயரின் வால்வுகளில் பிறந்தது. பதிவான ஒலிக்கு ஸ்டுடியோவில் எக்கோ சேர்க்கும் பழக்கமும், ஆம்ப்ளிஃபயரின் நடுவயிற்றில் எக்கோவைச் செருகத் துளை வைத்த பிற்காலக் கருவிகளும் வரிசையைத் திருப்பிப்போட்டன. இன்று பெடல் விற்பவர்கள் பின்னெக்கோவையே வேதமாக ஓதுகிறார்கள்.

நம் மைக்செட் எந்த மரபு? மைக், மிக்சர், ஆம்ப்ளிஃபயர், ஒலி எழுப்பும் யூனிட், அதைப் பரப்பும் குழாய் என்பது அதன் வரிசை. எக்கோ மிக்சருக்குள்ளேயே ஒரு குமிழாக இருக்கிறது. கரகரப்புக்குத் தனிக் குமிழ் கிடையாது. அதை ஊர்ப் பெரியவர் நடந்துவந்து கொடுக்கிறார்.

“தம்பி, சத்தம் பத்துல. இன்னுங் கொஞ்சம் ஏத்து.”

“ஏத்தீட்டனுங்க. இதுக்கு மேல வெச்சா யூனிட் போயிருமுங்க.”

“போனாப் பாத்துக்கலாம். கடைசி ஊட்டுக்குக் கேக்க வேண்டாமா?”

இவ்வுரையாடல் முடியும்போது ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தொட்டு, அலையின் தலையைச் சீவத் தொடங்கியிருக்கும். குழாய் தன் பங்குக்கு அடிச்சுரத்தை விழுங்கிவிடும். எக்கோ முந்தி, கரகரப்பு பிந்தி: கொங்கு நாடு மூத்த மரபின் பக்கம் நிற்கிறது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது.

தெளிவாகிறது என்று எழுதிய கையோடு ஒரு சிக்கல். குழாயோடு வரிசை முடிந்துவிடுவதில்லை. ஊர் முகப்பிலிருந்து கோயில் வரை கட்டிய குழாய்கள் அனைத்துக்கும் மின்சாரம் கண்ணிமைக்கும் முன் போய்ச் சேர்ந்துவிடும். ஒலி மட்டும் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில்தான் நடக்கும். ஒரு குழாயின் கீழ் நிற்பவருக்கு, 170 மீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த குழாயின் பாட்டு அரை நொடி தாமதமாக வந்து சேர்கிறது. இது கலப்படமற்ற டிலே பெடல். இதைத் திருகும் குமிழ் கேட்பவரின் கால்கள்தான்: நாலடி நடந்தால் நேரம் மாறும். கோவையில் கோனியம்மன் தேர் வரும் ஒப்பணக்கார வீதியில் இருபுறமும் கடைச் சுவர்கள் இருப்பதால் ரிவெர்ப்பும் இலவசம். ஆகவே கொங்கு வரிசை என்பது எக்கோ, கரகரப்பு, மறுபடியும் எக்கோ. இரண்டு மரபையும் ஒரே தெருவில் சமரசம் செய்துவைத்த பெருமை நம்முடையது. கிதார்காரர் தன் காலடியில் எதை எங்கே மாற்றினாலும் கடைசி இரண்டு பெடல்கள் பெரியவரிடமும் தெருவிடமுமே இருக்கின்றன.

இப்போது குழாய் இருந்த இடத்தில் பாக்ஸ் வந்துகொண்டிருக்கிறது. கரகரப்பு குறைந்திருக்கிறது, பெரியவர் குறையவில்லை.

பாட்டுக்கு இந்த வரிசை பொருந்தவே செய்கிறது என்பது இவ்வாய்வின் தீர்ப்பு. அம்மன் பாட்டு தெருமுனையில் கொஞ்சம் குழம்பிக் கேட்டால்தான் நோம்பி தொடங்கியதாக ஊர் நம்பும். நன்கொடைப் பட்டியலுக்கு இது ஆகவே ஆகாது. “ஐநூத்தி ஒண்ணு” என்று அறிவித்ததும் “ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு” என்று தெரு கூட்டிக்கொண்டே போகிறது. கொடுத்தவர் 501 என்கிறார், கடைசி வீட்டுக்காரர் 504 என்கிறார். நோம்பிக் கமிட்டியில் இருக்கும் அன்பர்களே, பட்டியல் வாசிக்கும்போது மட்டுமாவது அந்த எக்கோக் குமிழை அடியோடு இறக்கச் சொல்லுங்கள்.