இரண்டு தெருவுக்கு ஐந்து கிலோமீட்டர்

எங்கள் மைசூரில் தர்மம் இப்போதெல்லாம் நடப்பதில்லை, ஓடுகிறது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பின்னால் டிஜே பாட்டு முழங்க.

பெரிய தனியார் பள்ளி ஒன்று நடத்திய அப்படியோர் ஓட்டத்துக்குத் தொண்டு செய்யப் போயிருந்தேன். இரண்டு தெரு தள்ளியிருக்கும் அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்ட நிதி திரட்டுகிறார்கள். அதற்காக அரண்மனை வாசலில் கிளம்பி, கே.ஆர். சர்க்கிள், சயாஜி ராவ் ரோடு என்று ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். இரண்டு தெருவை நடந்தே கடந்து, பணத்தைத் தலைமையாசிரியர் கையில் கொடுத்துவிட்டு வரலாம்தான். படமெடுக்க வந்த டிரோனுக்கு என்ன வேலை இருக்கும் அப்புறம்?

ஏற்பாட்டுக் கூட்டங்களில் டீ-ஷர்ட்டின் நிறத்துக்கு நடந்த விவாதம் சட்டசபையில்கூட நடக்காது. மெடலுக்கு எந்த ரிப்பன், செல்ஃபி எடுக்குமிடம் எங்கே, ஜும்பா ஆட யாரை அழைப்பது, எல்லாம் தீர ஆராயப்பட்டன. கழிப்பறைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், யார் கழுவுவார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வசூல் எவ்வளவு, மெடலுக்குப் போனது எவ்வளவு என்று நான் கேட்டேன். “சார், நீங்க தண்ணி கவுண்டரைப் பாத்துக்குங்க” என்றார்கள்.

பார்த்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு வீசிய பாட்டில்கள் சயாஜி ராவ் ரோடு நெடுகக் கிடந்தன. நாட்டிலேயே தூய்மையான நகரம் என்று 2016-ல் மைசூருக்கு முதலிடம் வாங்கித் தந்த பௌரகார்மிகர்கள், அதாவது துப்புரவுத் தொழிலாளர்கள், பின்னாலேயே குனிந்து பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு மெடல் கிடையாது, பதிவுக் கட்டணம் செலுத்தவில்லையே! தலைக்கு மேலே ‘பசுமை மைசூரு’ என்று ஃபிளெக்ஸ் படபடத்தது. கர்நாடகத்தில் ஃபிளெக்ஸ் பேனருக்குத் தடை வந்ததும் அதே 2016-ல்தான்.

மேடையில் டெர்ரி ஃபாக்ஸின் படம் வேறு. புற்றுநோய்க்கு ஒரு காலைக் கொடுத்துவிட்டு, செயற்கைக் காலோடு 1980-ல் கனடாவின் குறுக்கே 143 நாள் ஓடியவர்; தன் ஓட்டத்தை வைத்து விளம்பரம் தேட வந்த கம்பெனிகளை வேண்டாமென்றவர். அவர் தலைக்கு மேலே வரிசையாகக் கம்பெனி லோகோக்கள்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத கதை வேறு இருக்கிறது. தனியார் பள்ளிகள் கால்வாசி இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்கிறது 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அதை எதிர்த்து ஜூலையில் கர்நாடகத் தனியார் பள்ளி நிர்வாகச் சங்கம் ஒன்று ஒரு வாரக் கதவடைப்பு அறிவித்தது. அப்புறம், 2018 கடைசியில் மாநில அரசு விதியைத் திருத்தியது: அக்கம்பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளி அந்த இடங்களைத் தரத் தேவையில்லை. 2019-ல் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது.

இப்போது புரிகிறதா, இரண்டு தெரு தள்ளியிருக்கும் அந்தப் பள்ளியின் மேல் இத்தனை பாசம் ஏன் என்று? அது இருக்கும்வரை இவர்கள் ஒரு கூலிக்காரர் பிள்ளையைக்கூடச் சேர்க்க வேண்டியதில்லை. இடிந்து விழாமல் இருக்க வேண்டும், பெற்றோர் தேடிவரும் அளவுக்கு நன்றாகவும் இருந்துவிடக் கூடாது. அதற்கு ஒரு கழிப்பறை சரியான அளவு. உங்கள் கழிப்பறைக்குள் அந்தப் பிள்ளைகள் கால் வைத்துவிடாமல் இருக்கத்தானே, தாளாளர் ஐயா, அவர்களுக்கென்று தனியாக ஒன்று கட்டித் தருகிறீர்கள்?

அதே பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்து, அவர்கள் உயரத்துக்குத் தெர்மாகோல் காசோலை ஒன்றைக் கையில் கொடுத்துப் படமெடுத்தீர்கள். சிரிக்கச் சொன்னீர்கள். சிரித்தார்கள்.

அடுத்த ஆண்டுக்கும் தொண்டர் தேவை என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. வருகிறேன். விதி விலக்குத் தந்தாலும் கால்வாசி இடம் தருகிறோம் என்று அந்த மேடையில் ஏறிச் சொல்லுங்கள், அரண்மனையைச் சுற்றி நானே ஓடுகிறேன். அதுவரை தண்ணீரை நீங்களே ஊற்றிக் குடியுங்கள்.