'அடுத்து' என்னும் பொத்தான்: ஒரு கேலாங் ஆய்வு

கணினியில் மென்பொருள் நிறுவுவது குறித்து இதுவரை வெளிவந்த ஆய்வுகள் அனைத்தும் (ஒன்றையும் நான் படித்ததில்லை, ஆய்வாளனுக்கு அது தடையும் அன்று) ஒரே ஒரு சொல்லைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டன என்பது என் துணிபு. அந்தச் சொல் 'நெக்ஸ்ட்'. தமிழில் 'அடுத்து'. திரையின் கீழ் ஓரத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் இந்தப் பொத்தானை நம்பி இறங்கியவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

களம் சிங்கப்பூரின் கேலாங். காலம் 2006. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி: ஒருவர்.

முதலில் சொல்லாராய்ச்சி. 'நிறுவு' என்ற வினைக்குப் புலவர்கள் 'மெய்ப்பித்துக் காட்டு' என்றும் பொருள் கொள்வார்கள். ஆனால் கேலாங் கோப்பிக் கடையில் எவரும் எதையும் நிறுவுவதில்லை. 'போடுவார்கள்'. ஊசி, தாழ்ப்பாள், சண்டை, மென்பொருள் நான்குக்கும் ஒரே வினைதான். போட்டுப் பார்த்து, சட்டை போலப் பிடிக்கவில்லை என்றால் 'தூக்கிவிடுவார்கள்'. 'போட்டுப் பார்' என்ற இரண்டு சொல்லில் நிறுவுதலும் சோதித்தலும் அடங்கிவிடுவதால், நம்மவர்கள் எந்தக் காலத்திலும் கையேட்டைத் திறக்க நேர்ந்ததில்லை.

இனி நிலவியல். கேலாங் சாலையிலிருந்து பிரியும் சந்துகளுக்கு மலாய் மொழியில் லோரோங் என்று பெயர், எண்தான் அடையாளம். ஒற்றைப்படை எண்கள் சாலைக்கு வடக்கே, அல்ஜூனிட் எம்ஆர்டி ரயில் நிலையம் இருக்கும் பக்கம். இரட்டைப்படை எண்கள் தெற்கே, கில்லிமார்ட் சாலைப் பக்கம். ஆகவே லோரோங் 20-இல் நின்றுகொண்டு 'அடுத்தது 21' என்று நடப்பவர் 22-இல் போய் முட்டுவார். ஊரிலிருந்து வந்த உறவினர் இருவரை நான் இப்படி இழந்து, டுரியான் கடை வாசலில் மீட்டிருக்கிறேன். இந்தச் செய்தி பின்னால் உதவும்.

நமது மாதிரி, என் அறைத்தோழர். பட்டுக்கோட்டைக்காரர், கட்டட மின்வேலை. ஊர்க்கோயில் கும்பாபிஷேக மலருக்கு ஒரு வாழ்த்துக் கவிதை தட்டச்சு செய்து அனுப்பவேண்டும் என்ற ஆசையில் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி வந்தார். உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. விற்ற கடைக்காரர் மின்கம்பியை மறக்காமல் கொடுத்தார், குறுவட்டைக் கொடுக்கவில்லை.

தமிழ்த் தட்டச்சு மென்பொருளான எ-கலப்பையை இறக்கிப் போட்டோம். அடுத்து, அடுத்து, ஏற்கிறேன், அடுத்து. எதை ஏற்றோம் என்பது இருவருக்கும் இன்றுவரை தெரியாது. முதலில் 'அம்மா' என்று அடித்தார். தமிழன் எந்த மென்பொருளையும் இந்தச் சொல்லால்தான் சோதிப்பான். அஞ்சல் விசைப்பலகை முறையில் இதற்கு ஐந்து விசை. தமிழ்99 முறையில் நான்கு போதும், இரண்டாவது 'ம' விழுந்ததும் முதல் 'ம' தானாகவே புள்ளி வைத்துக்கொள்ளும். அம்மா வந்துவிட்டாள். அடுத்து, கவிதைக்குக் கீழே இடவேண்டிய ஊர்ப்பெயரை அடித்தார்: கேலாங். திரையில் முதலில் 'க' வந்தது. அதற்கு வலப்பக்கம் ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு இரட்டைக்கொம்பு அநாதையாக நின்றது.

காரணம் இது. யூனிகோடு முறையில் 'கே' என்ற எழுத்தைக் கணினி முதலில் 'க' என்றும், அடுத்து 'ஏ'காரக் குறி என்றும் சேமித்து வைக்கிறது. கண்ணுக்குக் காட்டும்போது குறியை இடப்பக்கம் தூக்கி வைக்கவேண்டும். அந்த வேலையைச் செய்யும் பகுதி எக்ஸ்பியில் பல இடங்களில் தூங்கிக் கிடக்கும். எழுப்புவதற்குக் கட்டுப்பாட்டுப் பலகத்தில் மொழி அமைப்புக்குப் போய் ஒரு கட்டத்தில் சரிக்குறி இடவேண்டும். கட்டத்தின் பெயரைக் கேளுங்கள்: சிக்கலான எழுத்துகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் உரிய கோப்புகள், தாய்லாந்து மொழி உட்பட. பேங்காக் இருக்கிறது, அரபுநாடு சொல்லாமலே இருக்கிறது, தமிழ் மட்டும் இல்லை. சரிக்குறி இட்டதும் குறுவட்டைப் போடு என்று கேட்டது. குறுவட்டில்லாதவர் வாழ்த்துக் கவிதைக்கு அங்கேயே மங்களம்.

அப்போதுதான் அறைத்தோழர் சொன்னார்: "அண்ணே, இது நம்ம லோரோங் மாதிரியேல்ல இருக்கு? அடுத்ததுன்னா அடுத்தது இல்ல. எதிர்ப் பக்கம் போய் நிக்குது."

இக்கட்டுரையின் மையக் கருத்தை அவர்தான் முதலில் சொன்னார் என்பது உண்மை. ஆனால் கட்டுரை எழுதுகிறவன் நான்.

மறுப்புரை ஒன்று வரலாம். 13 நெகிழ்வட்டுகளில் வந்த விண்டோஸ் 95-இல் ஒன்றுக்கு அடுத்து இரண்டு, இரண்டுக்கு அடுத்து மூன்று என்று ஒழுங்காகத்தானே இருந்தது? இருந்தது, ஏதோ ஒரு வட்டு 'படிக்க இயலவில்லை' என்று சொல்லும்வரை. தமிழருக்கோ அதற்குப் பிறகும் வேலை இருந்தது. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்துக்கொண்ட காலம் அது. ஒருவர் அனுப்பிய கடிதத்தைப் படிக்க அவருடைய எழுத்துருவையும் போட்டாகவேண்டும். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்தார். சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி கணியன் மென்பொருளைச் செய்தார், தமிழ்க் கணினிப் பயன்பாட்டுக்கான தமிழ்நெட் மாநாடு 1997-இல் இங்கேதான் கூடியது. சிறுகதை எழுதிக்கொண்டிருந்த மனிதர் விசைப்பலகையோடு மல்லுக்கட்ட நேர்ந்தது நம் மொழியின் விசித்திரம். வேறு மொழிக்காரர்கள் ஆட்டம் ஆடுவதற்கு மென்பொருள் போட்டார்கள், நாம் 'அ' பார்ப்பதற்குப் போட்டோம்.

கவிதைக்கு வருவோம். வேறொரு கணினியோடு வந்த எக்ஸ்பி குறுவட்டு என்னிடம் இருந்தது. போட்டோம், கணினியை அணைத்து எழுப்பினோம், கேலாங்கின் கொம்பு இடம் மாறி அமர்ந்தது. நிறுவினோம் என்ற சொல்லை அதன் இரு பொருளிலும் இங்கே பயன்படுத்திக்கொள்கிறேன். கவிதை மலரில் வெளிவந்தது, பதினாறு வரியும் பிழையில்லாமல். ஊர்ப்பெயரை மட்டும் அச்சகத்தார் 'கோலாங்' ஆக்கிவிட்டார்கள்.

அந்தக் குறுவட்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. வேண்டுவோர் லோரோங் 22-க்கு வரலாம். 21-க்கு அடுத்து என்று தேடவேண்டாம்.