கத்திரி வெயில் கூடாரக்காரர்

கத்திரி வெயில் கூடாரக்காரர் சென்னை பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் மிகுதியாகக் காணப்படுபவர். வயது முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவே. ஆண்டு முழுவதும் ஏசியில் உட்கார்ந்திருப்பதால் இயற்கையின் மேல் தீராத பாசம் உடையவர். நாலு பேர் படுக்கும் கூடாரத்தை டிசம்பர் தள்ளுபடியில் வாங்குவார். டிசம்பரிலேயே கிளம்பினால் சுகமாக இருக்கும். ஆனால் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. அது முடிந்தால் இவருக்கு அப்ரைசல். முழுப் பரீட்சை முடிந்து, எல்லாம் கூடிவரும்போது மே முதல் வாரம் ஆகிவிடும். அக்னி நட்சத்திரமும் அப்போதுதான் பிறக்கும்.

கிளம்பும் நேரம் விடியற்காலை 5 என்று முடிவாகும். கார் தெருமுனையைத் தாண்டும்போது மணி 9. டிக்கியில் கூடாரம், கேஸ் அடுப்பு, ஐஸ் பெட்டி, தலையில் மாட்டும் விளக்கு. மாமியார் கட்டிக்கொடுத்த புளிசாதத்துக்கு மட்டும் இடம் இராது. அது மனைவியின் மடியில் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். மரக்காணத்தில் உப்பளங்கள் வரும். கடல்நீரையே வற்றவைக்கும் வெயில் என்று அவை எச்சரிக்கும். கூடாரக்காரர் கார் கண்ணாடியை இறக்கி ஒரு படம் எடுத்துக்கொண்டு, உடனே ஏற்றிவிடுவார்.

பயண முடிவு பெரும்பாலும் தரங்கம்பாடிப் பக்கம். குளிர்நாட்டுக்காரர்களான டேனியர்கூட 1620இல் இங்கே வந்ததும் தடித்த சுவர் வைத்துக் கோட்டைதான் கட்டினார்கள். கூடாரக்காரர் அவர்களைவிடத் துணிச்சல்காரர். கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஊரை ஒட்டிய மணலில் கூடாரம் அடிக்கத் தொடங்குவார். கம்பி முளையை அடிக்க அடிக்க இறங்கும்; கயிற்றை இழுத்தால் அதே வேகத்தில் வெளியே வரும். வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பார். "பையில மண்ணை ரொப்பிக் கட்டிப் புதைங்க சார், அப்பத்தான் புடிக்கும்" என்பார். நாலு மஞ்சப்பைகளில் மணலை நிரப்பிப் புதைத்ததும் கூடாரம் நிமிர்ந்து நிற்கும். வெளிநாட்டு முளைகள் உறைக்குத் திரும்பும்.

இரவுதான் இவரது குணங்கள் முழுதாக வெளிப்படும் நேரம். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் உடலிலிருந்து சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச்செல்லும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாது, சொட்டும். சொட்டும் வியர்வையால் உடல் நனையுமே தவிர குளிராது. கூடாரமோ காற்றையும் மழையையும் உள்ளே விடாமல் காப்பதற்கென்றே பிறந்த பொருள். நாலு பேர் விடும் மூச்சும் அதற்குள்ளேயே தங்கும். "ஏங்க, புழுங்குது, ஜிப்பைத் திறங்க" என்பார் மனைவி. திறந்ததும் கொசுக்கள் வரும். "ஏங்க, ஜிப்பை மூடுங்க" என்பாரும் அவரே. இரண்டு ஆணைகளையும் கூடாரக்காரர் தலைவிளக்கோடு நிறைவேற்றுவார். இதற்குள் பெரியவர் காற்றோட்டமான மேட்டில், படகு ஓரமாக, ஒரு துண்டை விரித்துக் குறட்டை விடத் தொடங்கியிருப்பார்.

நள்ளிரவு தாண்டியதும் ஒவ்வொருவராகப் போர்வையோடு அந்த மேட்டுக்கு இடம் மாறுவார்கள். கூடாரத்தில் பைகளும் செருப்பும் மீந்த புளிசாதமும் பத்திரமாக இருக்கும். தெருநாய்களிடமிருந்து சோற்றைக் காப்பதில் கூடாரம் முழு வெற்றி பெறும்.

விடிந்ததும் குடும்பம் மறுபடி உள்ளே போய், ஜிப்பைத் திறந்து, சூரியனைப் பார்த்துச் சிரித்தபடி படம் எடுத்துக்கொள்ளும். புழுக்கம் படத்தில் விழாது. திங்கட்கிழமை அலுவலகத்தில் அதைப் பார்க்கும் பக்கத்து மேசைக்காரர், "சூப்பர் ஜி, டென்ட் என்ன விலை?" என்று கேட்பார். கூடாரக்காரர் விலையைச் சொல்வார், தள்ளுபடி எந்த மாதம் வரும் என்பதையும் சொல்வார்; வேறெதுவும் சொல்லமாட்டார். இந்த இனம் பெருகுவது இப்படித்தான்.