பில்லில் வராத கட்டணம்

கேள்வி: தண்ணீர் பில்லில் ‘யுனிற்’ என்று போடுகிறார்களே, அது எவ்வளவு தண்ணீர்?
– ஒரு குடும்பத்தலைவி, கொக்குவில்

பதில்: 1,000 லீற்றர். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் போனால், 30 நாளில் 14.4 யுனிற். உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு கணக்குப் போட்டு வையுங்கள். பில் அதைத் தாண்டி எங்கேயோ நின்றால், எங்கேயோ ஒழுகுகிறது.

கேள்வி: போன மாதத்தை விட 5 யுனிற்தான் கூட. காசு ஏன் இவ்வளவு ஏறியது?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், நல்லூர்

பதில்: கட்டணம் படிக்கட்டு மாதிரி. மேலே போகப் போக ஒரு யுனிற்றின் விலை கூடும். மேல் படியின் விலை அந்தப் படியில் விழுந்த யுனிற்றுகளுக்கு மட்டுந்தான். கீழே உள்ளவற்றின் விலை மாறாது. ஆனால் மாதச் சேவைக் கட்டணமும் மொத்தப் பாவனையைப் பார்த்து ஏறும். இரண்டுக்கும் மேல் பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரி முதல் 18 வீதம். ஐந்து யுனிற் மூன்று இடத்தில் கை வைத்திருக்கிறது.

கேள்வி: வீட்டில் ஆளே இல்லை. பில் மட்டும் வந்திருக்கிறது!
– கனடாவிலிருந்து வந்திருப்பவர், மானிப்பாய்

பதில்: சேவைக் கட்டணம் மட்டுமென்றால் சரி. யுனிற்றும் ஓடியிருந்தால், இரவு எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டு மீற்றரைக் குறித்து வையுங்கள். விடிய இலக்கம் மாறியிருந்தால் முதலில் மலசலகூடத்துப் பிளஷ் தாங்கியைப் பாருங்கள். 10 நிமிடத்தில் ஒரு லீற்றர்ப் போத்தலை நிரப்பும் ஒழுக்கு, மாதம் 4.3 யுனிற் குடித்துவிடும். மீற்றர் இலக்கமும் பில்லில் உள்ளதும் பொருந்தாவிட்டால் நீர் வழங்கல் சபையின் 1939-க்கு எடுங்கள்.

கேள்வி: தாளையடிக் கடல் தண்ணீர் என்பதால் எங்களிடம் கூட அறவிடுகிறார்களா?
– கடற்றொழிலாளி, பருத்தித்துறை

பதில்: இல்லை. சபையின் வீட்டுக் கட்டண விகிதம் நாடு முழுவதும் ஒன்றே. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவதைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்த பிறகே கடலை நாடினோம். 2024 ஓகஸ்டில் திறந்த தாளையடி ஆலை நாளொன்றுக்கு 24,000 யுனிற் தரக்கூடியது. கடல் நீரை நன்னீராக்க, ஒரு யுனிற் தண்ணீருக்குப் பொதுவாக 3 முதல் 4 யுனிற் மின்சாரம் போகும். அந்தத் தண்ணீரில் முற்றத்தைக் கழுவ வேண்டாம்.

கேள்வி: கொழும்பில் அக்காவின் பில்லில் கழிவுநீர்க் கட்டணம் உண்டு. எங்களுக்கு இல்லை. எங்களுக்கு லாபந்தானே?
– ஆசிரியர், கோண்டாவில்

பதில்: லாபமில்லை, கடன். அக்காவின் கழிவைப் பொதுக் குழாய் கொண்டுபோகிறது. அதற்குக் காசு கேட்கிறார்கள். நாங்கள் அதைக் குழிக்குள் விடுகிறோம். குழிக்குக் கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக் கல், அதற்குள் நாங்கள் அள்ளும் கிணற்று நீர்.

கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பது வழமையான கணக்கு. எங்கள் கல்லுக்கு அதுவும் போதாது. ஒரு பரப்புச் சதுரக் காணியின் பக்கம் 52 அடி. கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வைத்தால் உங்கள் இடைவெளி சரி. ஆனால் அந்தக் குழி வேலிக்கு அப்பாலுள்ள கிணற்றுக்கு எத்தனை அடி? கட்டணத்தை அடுத்த வீட்டுப் பிள்ளை கட்டுகிறது.

கேள்வி: கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதாதா?
– இளந்தாய், சுன்னாகம்

பதில்: கிருமிக்குப் போதும், நைத்திரேற்றுக்குப் போதாது. மலக்குழியிலிருந்தும் தோட்டத்து யூரியாவிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று கொதித்தால் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் சக்தியை இழக்கலாம். தண்ணீரைச் சோதித்துப் பார்க்காமல் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: குழாய் இணைப்பு வந்துவிட்டது. பழைய கிணற்றை மலக்குழியாக்கலாமா?
– வீடு கட்டுபவர், உரும்பிராய்

பதில்: கூடவே கூடாது. குழியின் கழிவு மண்ணைத் தாண்டியாவது போகும். கிணற்றில் விட்டால் நேரே ஊர்த் தண்ணீருக்குள் போகும். கிணற்றை இறைத்துத் துப்புரவாக வைத்து மரக்கறிக்கும் தென்னைக்கும் விடுங்கள். மலக்குழியை அடித்தளம் போட்டு, கசியாமல் கட்டுங்கள். நிரம்ப முன்னர் உள்ளூராட்சி சபையின் கழிவகற்றும் பவுசரைக் கூப்பிடுங்கள். பொதுக் கழிவுநீர்க் குழாய் வரும்வரை எங்கள் கழிவுநீர்க் கட்டணம் இந்த இரண்டுந்தான். அதைத் தவறாமல் கட்டுவோம்.